குடல்வால் அழற்சிக்கு நுண்துளை அறுவைச் சிகிச்சை: எப்படிச் செய்கிறார்கள், பிறகு என்ன ஆகும்?

சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடம் நம் வயிற்றின் வலப்பக்கக் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. அங்கே பெருங்குடலின் தொடக்கமான பை போன்ற பகுதியிலிருந்து, சுண்டுவிரலைவிட மெல்லியதாக, பெரும்பாலும் 6 முதல் 10 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு குழல் தொங்குகிறது. அதன் ஒரு முனை குடலுக்குள் திறந்திருக்கும், மறுமுனை மூடியிருக்கும். இதுதான் குடல்வால். இதில் வரும் அழற்சியைத்தான் நம் ஊரில் பொதுவாக ‘அப்பெண்டிக்ஸ்’ என்று சொல்லிவிடுகிறோம். நூறு பேரை எடுத்துக்கொண்டால் ஏழெட்டுப் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறை இது வரக்கூடும் என்பது மருத்துவ நூல்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. எந்த வயதிலும் வரலாம் என்றாலும், பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் இருப்பவர்களிடமே மிகுதியாகக் காணப்படுகிறது.

ஒரு முனை மூடிய குழல் என்பதுதான் சிக்கலின் தொடக்கம். இறுகிப்போன மலத்துண்டு ஒன்று அதன் வாயை அடைத்துக்கொள்ளலாம். உள்சுவரில் இருக்கும், கிருமிகளை எதிர்க்கும் நிணத்திசு வீங்கியும் அடைக்கலாம். அரிதாகப் புழுவோ கட்டியோ காரணமாகலாம். அடைபட்ட பிறகும் குழலின் உள்சுவர் சளி போன்ற நீரைச் சுரந்துகொண்டே இருப்பதால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது, கிருமிகள் பெருகுகின்றன, சுவருக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைகிறது. அந்த நிலையில் சிகிச்சை கிடைக்காவிட்டால் சுவர் அழுகி ஓட்டை விழுந்து, சீழும் மலமும் வயிற்றறைக்குள் கசியலாம். எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை; ஆனால் வலி தொடங்கி ஒன்றரை நாள் கடந்த பிறகு ஓட்டை விழும் வாய்ப்புக் கூடிக்கொண்டே போகிறது. ஓட்டை விழாத எளிய அழற்சி, ஓட்டை விழுந்த அல்லது சீழ்க்கட்டியாக மாறிய சிக்கலான அழற்சி என்ற இந்த இரண்டு நிலைகளின் வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அறுவையின் முடிவு எப்படி அமையும் என்பதை, வயிற்றில் போடும் துளையின் அளவைவிட இந்த வேறுபாடுதான் தீர்மானிக்கிறது.

வலி வரும் விதத்துக்கு ஒரு தனி வழக்கம் உண்டு. முதலில் தொப்புளைச் சுற்றி, இன்ன இடம் என்று சொல்ல முடியாதபடி மந்தமாக வலிக்கும். பசி அறவே போய்விடும். குமட்டலும் ஓரிரு முறை வாந்தியும் வரும். சில மணி நேரம் கழித்து வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கி, அங்கேயே நிலைத்து, இருமினாலும் நடந்தாலும் குத்தும். இப்படி இடம் மாறுவதற்குக் காரணம் நரம்புகள். குடல்வாலிலிருந்து வரும் நரம்புகள் தொடக்கத்தில் தொப்புள் பகுதியின் வலியாகவே மூளைக்குச் செய்தி சொல்கின்றன. அழற்சி வளர்ந்து வயிற்றறையின் உட்படலத்தைத் தொட்ட பிறகுதான் சரியான இடம் தெரிகிறது. மருத்துவர் வயிற்றில் கை வைத்துப் பார்க்கும்போது, இடுப்பெலும்பின் முன்முனைக்கும் தொப்புளுக்கும் நடுவே ஒரு கோடு கற்பனை செய்து, எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் விரலால் மெதுவாக அழுத்துவார். நியூயார்க்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் சார்லஸ் மெக்பர்னி 1889-ல் விவரித்த இடம் அது. அழுத்திய விரலை எடுக்கும் நொடியில் நோயாளி முகம் சுளித்தால், அதுவே பாதி நோயறிதல்.

இங்கே நம் வீடுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குமரி மாவட்டத்தில் வயிற்றுவலி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது வாயு. ஓமத்திராவகம் கொடுப்பார்கள், சுக்குக் கஷாயம் வைப்பார்கள். இவற்றால் பெரிய கேடு வராது, நேரம்தான் போகும். ஆனால் மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்குவதும், பிள்ளைக்குக் குடலேற்றம் என்று சொல்லி எண்ணெய் தடவி வயிற்றை உருவிவிடுவதும் ஆபத்தானவை. வீங்கி அழுத்தம் ஏறியிருக்கும் குழலின் மேல் குடலின் வேகத்தையோ கையின் அழுத்தத்தையோ கூட்டுவது, ஓட்டை விழுவதை விரைவுபடுத்தக்கூடும். தொப்புளில் தொடங்கி வலப்பக்கம் இறங்கிய வலி, பசியின்மை, இலேசான காய்ச்சல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகும் வழியில் சாப்பிடவும் கூடாது; மயக்க மருந்து கொடுப்பதற்கு வயிறு காலியாக இருப்பது நல்லது.

மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் கூடியிருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். பிறகு வயிற்று ஸ்கேன். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் குடல்வால் தெரியாமல் போவது சாதாரணம், ஏனென்றால் குடலில் உள்ள காற்று அதை மறைத்துவிடும். ‘ஸ்கேனில் ஒன்றும் இல்லை’ என்பதற்கு ‘நோய் இல்லை’ என்று எப்போதும் பொருளல்ல. ஐயம் நீடித்தால் சி.டி. ஸ்கேன் தெளிவாகக் காட்டும். பெரியவர்களிடம் அதன் துல்லியம் மிக அதிகம். கர்ப்பிணிகளுக்கு முதலில் அல்ட்ராசவுண்டும், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ.யும் எடுப்பார்கள். இளம்பெண்களுக்குச் சூலகக் கட்டி, கருக்குழாய்க் கர்ப்பம், சிறுநீரகக் கல் ஆகியவையும் இதே இடத்தில் வலியைத் தரும் என்பதால், சிறுநீர்ப் பரிசோதனையையும் கர்ப்பப் பரிசோதனையையும் கேட்பது வழக்கம். அதைக் கேட்டுக் குடும்பத்தார் மனம் புண்படத் தேவையில்லை.

வயிற்றைத் திறந்து குடல்வாலை அகற்றும் முறை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வேரூன்றிவிட்டது. நம் மாவட்டத்துக்கும் அறுவை மருத்துவம் புதிதல்ல. நெய்யூரில் மிஷன் மருத்துவப் பணி தொடங்கியது 1838-ல். 1922, 1924 ஆகிய ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற அறுவை மருத்துவர் ஹோவர்ட் சோமர்வெல், பின்னர் பல ஆண்டுகள் நெய்யூரில் பணியாற்றி, குறிப்பாக வயிற்றுப்புண் அறுவைகளுக்குப் பெயர் பெற்றார். வயிற்றைத் திறக்காமல் சிறு துளைகள் வழியே செய்யும் நுண்துளை முறை வந்தது மிகப் பிந்தித்தான். ஜெர்மனியின் கீல் நகரில் மகளிர் நோய் மருத்துவராக இருந்த குர்ட் செம், 1980-ல் முதன்முதலாக, துளை வழியே வயிற்றுக்குள் பார்க்க உதவும் லேப்ராஸ்கோப் என்ற குழல் கருவியின் வழியாக முழுமையாகக் குடல்வாலை அகற்றினார். அன்றைய அறுவை மருத்துவர்கள் பலர் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். இன்று பெரும்பாலான நாடுகளின் வழிகாட்டுதல்கள், கருவியும் பயிற்சியும் இருக்கும் இடத்தில் நுண்துளை முறையையே முதலில் பரிந்துரைக்கின்றன.

அறுவை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்ப்போம். நோயாளிக்கு முழு மயக்கம் கொடுப்பார்கள். தோலைக் கீறுவதற்கு முன்பே கிருமிக்கொல்லி மருந்தின் ஒரு வேளையை இரத்தக்குழாய் வழியாகச் செலுத்திவிடுவார்கள். புண்ணில் சீழ் வைப்பதைத் தடுப்பதில் அந்த ஒரு வேளைக்குப் பெரும் பங்கு உண்டு. தொப்புளின் ஓரத்தில் சுமார் 10 மில்லிமீட்டர் அளவில் முதல் துளை. அதன் வழியே கரியமில வாயுவைச் செலுத்தி, ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் வயிற்றை உப்பவைப்பார்கள். குடல்கள் கீழே படிய, வயிற்றுச்சுவர் மேலே எழும்ப, நடுவில் வேலை செய்ய இடம் கிடைக்கிறது. சாதாரணக் காற்றை விட்டுக் கரியமில வாயுவைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணங்கள் உண்டு: அது தீப்பிடிக்காது, இரத்தத்தில் எளிதில் கரைந்து மூச்சின் வழியே வெளியேறிவிடும். தொப்புள் துளையில் கேமரா நுழையும். அடிவயிற்றிலும் இடப்பக்கத்திலுமாகப் பெரும்பாலும் 5 மில்லிமீட்டர் அளவுள்ள வேறு இரண்டு துளைகள் வழியே நீண்ட கருவிகள் நுழையும். கட்டிலைத் தலைப்பக்கம் தாழ்த்தி இடப்பக்கம் சாய்த்ததும், குடல் சுருள்கள் தாமாகவே விலகிக் கொடுக்கும்.

திரையில் முதலில் தெரிவது பெரும்பாலும் குடல்வால் அல்ல, அதன் மேல் வந்து ஒட்டிக்கொண்டிருக்கும் மஞ்சள் நிறக் கொழுப்புத் திரை. வயிற்றுக்குள் எங்கே அழற்சி வந்தாலும் அந்தத் திரை போய் அதைச் சுற்றிக்கொள்ளும். உடல் தனக்குத் தானே கட்டும் அரண் அது. அதை மெல்ல விலக்கினால், சிவந்து தடித்து, சில இடங்களில் வெண்மையான படலம் படிந்த குழல் வெளிப்படும். அதற்கு இரத்தம் கொண்டுவரும் தமனி, ஓரமாக இணைந்திருக்கும் சிறு மடிப்புக்குள் ஓடுகிறது. மின்னாற்றலாலோ ஒலியலைக் கருவியாலோ அந்த மடிப்பை உறையவைத்து வெட்டுவார்கள். பிறகு குழலின் அடிப்பகுதி குடலோடு சேரும் இடத்தில், இழுத்தால் இறுகும் சுருக்குக் கயிறு போன்ற ஒரு நூல் வளையத்தை மாட்டி இறுக்குவார்கள். சில இடங்களில் ஸ்டேப்ளர் கருவியையும் பயன்படுத்துவதுண்டு. வெட்டிய குடல்வாலை அப்படியே வெளியே இழுக்க மாட்டார்கள். சீழ் துளையின் சுவரில் பட்டால் அங்கே புண் அழுகும். அதனால் ஒரு சிறு பைக்குள் போட்டு எடுப்பார்கள். செலவைக் குறைக்க, கிருமி நீக்கிய கையுறையின் விரல் பகுதியை வெட்டிப் பையாகப் பயன்படுத்தும் பழக்கம் நம் நாட்டில் பரவலாக உண்டு; அது நன்றாகவே வேலை செய்கிறது. எளிய அழற்சி என்றால் எல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

சில வேளைகளில் ஒட்டுகள் இறுகியிருந்தாலோ, இரத்தம் கசிந்தாலோ, அடிப்பகுதி அழுகிப்போயிருந்தாலோ நுண்துளையை விட்டுவிட்டு வயிற்றைத் திறந்து செய்ய வேண்டிவரும். இதை மருத்துவரின் தோல்வி என்று எண்ணிச் சண்டைக்குப் போகும் உறவினர்கள் உண்டு. அது முற்றிலும் தவறான எண்ணம். தெளிவாகத் தெரியாத இடத்தில் கருவியை ஓட்டாமல் திறந்து பார்க்க முடிவெடுப்பவரே நல்ல அறுவை மருத்துவர். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும்போதே அந்த வாய்ப்பைப் பற்றிக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

விளைவுகளுக்கு வருவோம். திறந்த முறையையும் நுண்துளை முறையையும் ஒப்பிட்ட 85 ஆய்வுகளைத் தொகுத்து, மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் பன்னாட்டு அமைப்பான காக்ரேன் குழு 2018-ல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. அதில் மொத்தம் 9,765 நோயாளிகள் இடம்பெற்றார்கள். நுண்துளை முறையில் பெரியவர்களுக்கு முதல் நாள் வலி சற்றே குறைவு. மருத்துவமனையில் தங்கும் காலம் ஏறக்குறைய ஒரு நாள் குறைவு. வழக்கமான வேலைகளுக்குத் திரும்புவது சராசரியாக ஐந்து நாட்கள் முன்கூட்டியே நடக்கிறது. வெளிப்புண்ணில் சீழ் வைப்பது பாதிக்கும் கீழே குறைகிறது. ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் நுண்துளை முறை பின்தங்கியிருந்தது: வயிற்றறைக்கு உள்ளே சீழ்க்கட்டி உருவாவது பெரியவர்களிடம் சற்று அதிகமாகக் காணப்பட்டது. குழந்தைகளிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை.

அந்தச் சீழ்க்கட்டியைப் பற்றி ஒவ்வொரு நோயாளியும் அறிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அது பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகுதான் தலைகாட்டும். ஓட்டை விழுந்த நிலையில் அறுவை செய்தவர்களிடம்தான் இது மிகுதி. அறுவை முடிந்து ஒரு வாரத்தை ஒட்டி, குறைந்துவந்த காய்ச்சல் மறுபடியும் ஏறும், வயிறு உப்பும், சாப்பிடப் பிடிக்காது. இடுப்புக்குழியில் சீழ் தங்கினால், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக மலம் போவதும் சிறுநீர் கழிக்க அவசரமாவதும் உண்டு. ‘சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று வயிற்றுப்போக்குக்கு மருந்து வாங்கித் தின்று நாட்களைக் கடத்துவது இங்கேதான் நடக்கிறது. ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். கிருமிக்கொல்லி மருந்தாலோ, ஊசி வழியே சீழை வடித்தோ பெரும்பாலும் குணமாக்கிவிடலாம்.

இன்னொரு தொல்லை நம் நாட்டில் கவனத்துக்கு உரியது. அறுவை முடிந்து சில வாரங்கள் கழித்து, எல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்த துளைத் தழும்பு தடித்து, நீர் கசியத் தொடங்கும். வழக்கமான மாத்திரைகளுக்கு அது அடங்காது. காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த, தண்ணீரிலும் மண்ணிலும் வாழும் சில கிருமிகள் இதற்குக் காரணமாக இருக்கலாம். லேப்ராஸ்கோப் கருவிகளைச் சரியாகப் பிரித்துக் கழுவாமல், கிருமிநாசினிக் கரைசலில் போதிய நேரம் ஊறவைக்காமல், பிறகு தூய்மையற்ற நீரில் அலசினால் அவை ஒட்டிக்கொண்டு வரும். இந்தத் தொற்றுக்குத் தனி மருந்துகளை மாதக்கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே தழும்பு மெல்லக் கசிந்தால், ‘சின்னப் புண்தானே’ என்று விடாமல், அறுவை செய்த இடத்திலேயே காட்டிக் கசிவைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்ல வேண்டும்.

எளிய அழற்சி என்றால் அறுவைக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். முதல் இரண்டு நாட்களில் வலது தோள்பட்டை வலித்தால் பயப்பட வேண்டாம். உள்ளே மிச்சமிருக்கும் வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் நரம்பைத் தொடுவதால் வரும் வலி அது, தானாகவே அடங்கும். அறுவை நடந்த அன்று மாலையோ மறுநாள் காலையோ எழுந்து நடப்பது குடலுக்கும் நல்லது, காலின் இரத்தக்குழாய்களில் இரத்தம் உறையாமலிருக்கவும் நல்லது. உணவில் நீண்ட பத்தியம் தேவையில்லை. கஞ்சியில் தொடங்கி, வயிறு ஏற்றுக்கொள்ளக்கொள்ள வழக்கமான சாப்பாட்டுக்கு வரலாம். மீன் சாப்பிட்டால் புண் சீழ் பிடிக்கும் என்ற நம்பிக்கை நம் கடற்கரையில்கூட இருக்கிறது. அதற்கு ஆதாரம் இல்லை. புண் ஆறப் புரதம் வேண்டும், அதை மலிவாகத் தருவது நம் ஊர்ச் சாளையும் நெத்திலியும்தான். மலம் இறுகாமல் பார்த்துக்கொள்ள ஏத்தன்பழமோ பப்பாளியோ நீரோ போதும்.

வேலைக்குத் திரும்புவது வேலையைப் பொறுத்தது. நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஒரு வாரம், பத்து நாட்களில் போய்விடலாம். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் எடுப்பவருக்கு விடியற்காலையில் மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து பால் வாளி சுமக்க வேண்டும்; தென்னை ஏறுபவருக்கு வயிற்றுத் தசைகளின் முழு வலிமையும் வேண்டும். அவர்கள் சுமை தூக்குவதையும் ஏறுவதையும் இரண்டு முதல் நான்கு வாரங்கள் தள்ளிப்போடுவதே முறை. தொப்புள் துளையின் உள்தையல் பலப்படுவதற்கு முன் அழுத்தம் கொடுத்தால் அங்கே குடலிறக்கம் வரலாம்.

அறுவையே இல்லாமல், கிருமிக்கொல்லி மருந்தால் மட்டும் குணமாக்க முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். எளிய அழற்சியில் முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1,552 பெரியவர்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், மருந்து மட்டும் பெற்றவர்களில் பத்தில் ஏழு பேர் முதல் மூன்று மாதங்களை அறுவையின்றிக் கடந்தார்கள். மற்ற மூவருக்கு அதற்குள் அறுவை தேவைப்பட்டது. குழலுக்குள் இறுகிய மலத்துண்டு இருந்தவர்களிடம் அறுவை தேவைப்பட்ட விகிதம் 41 விழுக்காடு. பின்லாந்தில் நடந்த ஆய்வில், ஐந்து ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய 39 விழுக்காட்டினருக்கு அழற்சி மீண்டும் வந்தது. ஊருக்குள்ளேயே இருந்து, வலி திரும்பினால் ஒரு மணி நேரத்தில் மருத்துவமனையை எட்டக்கூடியவருக்கு இது ஏற்கத்தக்க வழிதான். ஆனால் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் மீனவர்களை எண்ணிப் பாருங்கள். கொச்சித் துறைமுகத்திலிருந்து விசைப்படகில் புறப்பட்டால் வாரக்கணக்கில் கரை காண்பதில்லை. நடுக்கடலில் வலி திரும்பி ஓட்டை விழுந்தால், கரைக்கு வர எடுக்கும் நாட்களே உயிருக்கு உலை வைக்கும். அவர்களுக்கு அடுத்த பயணத்துக்கு முன் அறுவையை முடித்துவிடுவதே சரியென்பது என் உறுதியான கருத்து. தங்கள் தொழில் இன்னதென்று அவர்கள் மருத்துவரிடம் சொல்லவும் வேண்டும், ஏனென்றால் கேட்காவிட்டால் அவருக்குத் தெரியாது.

கர்ப்பிணிகளுக்கும் நுண்துளை அறுவை செய்யலாம். எந்த மாதத்திலும் செய்யத்தக்கது என்பதே இன்றைய மருத்துவ நிலைப்பாடு. குடல்வால் உடைவதால் கருவுக்கு வரும் ஆபத்து, அறுவையால் வரும் ஆபத்தைவிடப் பெரிது. ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள் வலியை விவரிக்க முடியாததாலும், முதியவர்களுக்கும் சுகர் நோயாளிகளுக்கும் அறிகுறிகள் மங்கலாக இருப்பதாலும், இவர்களிடம் ஓட்டை விழுந்த பிறகே நோய் தெரியவருவது அதிகம். இவர்களுக்கு அரைகுறை அறிகுறி இருந்தாலே ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது.

இந்த அறுவைக்கு மாவட்டத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலைப் பகுதிகளில் தனியார் மருத்துவமனைகளும் இருக்கின்றன. இரவில் வண்டி கிடைக்காவிட்டால் 108-ஐ அழைக்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. அட்டை இருப்பவர்கள், சேர்க்கையின்போதே காப்பீட்டுப் பிரிவில் இந்த அறுவை எந்த அளவுக்கு அடங்கும் என்று கேட்டுக்கொள்ளட்டும். மலைப்பக்கத்து ஊரில் லேப்ராஸ்கோப் இல்லாத மருத்துவமனையில் இருக்கும்போது உடைந்த குடல்வாலோடு வேறிடம் தேடி அலைவதைவிட, அங்கே கைதேர்ந்த மருத்துவர் திறந்த முறையில் உடனே செய்வது மேலானது. தழும்பு சற்றுப் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான்.

அகற்றிய குடல்வாலை நோயியல் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். அதன் முடிவு வர ஒரு வாரம் ஆகலாம் என்பதால், தையல் பிரித்ததோடு பலர் அதை வாங்காமலே விட்டுவிடுகிறார்கள். வாங்க வேண்டும். நூறில் ஒருவருக்கும் குறைவாக, அந்தக் குழலின் நுனியில் வெறுங்கண்ணுக்குத் தெரியாத சிறு கட்டி ஒன்று இருந்ததாக அந்த அறிக்கை சொல்லும். ஹார்மோன் சுரக்கும் செல்களிலிருந்து வளரும் நரம்பு-நாளமில்லாச் சுரப்பி வகையைச் சேர்ந்த அந்தக் கட்டி ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், நடந்து முடிந்த அறுவையே பெரும்பாலும் அதற்கும் சிகிச்சையாகிவிடும். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் என்றால் பெருங்குடலின் வலப்பகுதியை அகற்றும் இன்னோர் அறுவை தேவைப்படலாம். அந்த முடிவை எடுக்க மருத்துவர் கையில் இருக்க வேண்டியது அந்த ஒற்றைத் தாள்.